இன்னோவா முன் கதவு: மெஷின் மாற்றிய பிறகு கண்ணாடியை நேராக்கிய வேலை

கார் கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் விண்டோ மெஷினைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது கை பழகியவர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. அதன் பிறகு கண்ணாடி ஏறும்போது ஒரு மூலை முந்திக்கொண்டு, இன்னொரு மூலை பின்தங்கி, மேலே போய் நின்றபின் ஓரத்தில் நூலளவு சந்து விட்டு நிற்கும். அதைச் சரிசெய்வதுதான் வேலை. நிறைய இடங்களில் இந்த இரண்டாவது பாதியை யாரும் தொடுவதே இல்லை. கண்ணாடி ஏறுது, இறங்குது, டோர் பேடை (கதவின் உள்பக்க மூடியை) அடி, வண்டியைக் கொடு. மறு மழையில் சீட் நனையும்போதுதான் விஷயம் தெரியும்.

இங்கே சொல்வது என் சித்தப்பாவின் 2008 மாடல் இன்னோவா. முன்பக்கம் இடது கதவு, அதாவது டிரைவர் இல்லாத பக்கம். வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பல வருஷமாக அது நிற்பது ஒரு வேப்பமரத்தடியில். கண்ணாடிக்கும், அதன் அடியில் கதவு விளிம்பில் இருக்கும் ரப்பர் பட்டையான வெளிப்பக்க பீடிங்குக்கும் நடுவே வேப்பம்பூவும் சருகும் இறங்கி, கதவின் அடியில் தண்ணீர் வடிய வேண்டிய துளைகளை அடைத்துவிட்டன. மெஷினின் கீழ்ப் பட்டியில் துரு ஏறி, அதில் ஓடும் பிளாஸ்டிக் ரோலர் பட்டியிலேயே சிக்கி உடைந்திருந்தது. கண்ணாடி ஏறும்போது முன் மூலை முதலில் போகும், பின் மூலை ரப்பரில் மாட்டிக்கொள்ளும், பாதி வழியில் ‘கட்டக்’ என்று ஒரு சத்தம், அப்புறம் கையால் தள்ளிவிட வேண்டும்.

மெஷின்தான் போச்சு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை கட்டாயம் செய்ய வேண்டும். கண்ணாடியை மெஷினிலிருந்து பிரித்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் உள்ளேயும் வெளியேயும் அணைத்துப் பிடித்து, அதன் ஓரங்கள் ஓடும் ரப்பர் சேனலில் மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் சேனலில் குற்றமில்லை. பிடித்துப் பிடித்துப் போனால் புது மெஷின் போட்டாலும் அதே கதைதான், மோட்டார் சூடாவதுதான் மிச்சம். இந்த மோட்டார்களில் சூடு அதிகமானால் தானாகக் கரண்டை நிறுத்தும் பாதுகாப்பு உண்டு. நாலைந்து தடவை அழுத்திவிட்டு, ‘மோட்டாரும் செத்துப்போச்சு’ என்று புதுசு வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நேரம் ஆறவிட்டால் அது திரும்ப ஓடும்.

எங்கள் கதவில் சேனல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணாடி அழுக்கு. 2012-ல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை போட்டபோது அவசரமாக உரித்தெடுத்த ஃபிலிமின் பசை, ஓரங்களில் இன்னும் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. சேனலுக்குள் போகும் அந்த ஒரு அங்குல ஓரம் வெளியே தெரியாது, அதனால் யாரும் துடைத்ததுமில்லை. பிளேடை வெகு சாய்வாகப் பிடித்துச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அதற்கே கண்ணாடி பாதி லேசாகிவிட்டது.

சேனலுக்கு என்ன தடவுவது என்பதில் ஒரு வார்த்தை. எஞ்சின் ஆயிலோ, கிரீஸோ, துரு எடுக்கும் ஸ்பிரேயோ வேண்டவே வேண்டாம். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதிப் போகும், உள்ளே வெல்வெட் போல ஒட்டியிருக்கும் பஞ்சு புழுதியைச் சேர்த்துக்கொண்டு உப்புக் காகிதமாகிவிடும். சிலிக்கான் ஸ்பிரே மட்டும் போதும். அதையும் நேராக அடிக்காமல் துணியில் அடித்து, துணியைச் சேனலுக்குள் விட்டு இழுத்தேன்.

இனி மெஷினைப் பற்றி. இப்போது வரும் பல கார்களில் வயர் இழுக்கும் மெஷின். இந்தக் கதவில் இருப்பது சிசர் டைப். இரண்டு கைகள் குறுக்கே குறுக்கே, நடுவில் ஒரு ரிவிட்டு. ஒரு கை தூக்கும் கை. அதன் அடியில் பல் வெட்டிய அரைவட்டத் தகடு, அதை மோட்டாரின் சின்ன கியர் சுற்றுகிறது. இன்னொரு கை துணைக்கை. அதற்குச் சொந்தமாக விசை கிடையாது. அதன் கீழ் நுனி ரோலர் கதவில் போல்ட் போட்ட ஒரு பட்டியில் ஓடும், மேல் நுனி ரோலர் கண்ணாடியைத் தாங்கும் மேல் பட்டியில் ஓடும். கண்ணாடி சாயாமல் மட்டமாக ஏறுவது இந்தத் துணைக்கையின் தயவால்தான். அந்தக் கீழ்ப் பட்டியைக் கதவில் பிடிக்கும் இரண்டு போல்ட் துளைகளையும் பாருங்கள், வட்டமாக இருக்காது, மேலும் கீழுமாக நீளமாக வெட்டியிருக்கும். அட்ஜஸ்ட்மென்ட் முழுக்க அந்த நீளத் துளைக்குள் அடங்கியிருக்கிறது. மெஷின் மாட்டுகிறவர் அதைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால் கண்ணாடி கோணல்தான்.

மெஷின் வாங்க, சென்னையில் வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு இரண்டும் சுற்றினோம். பழைய ஒரிஜினல் ஒன்று கிடைத்தது, ஆனால் நடு ரிவிட்டைப் பிடித்து ஆட்டினால் கை பக்கவாட்டில் ஆடியது. அந்த ஆட்டம் மேலே கண்ணாடி நுனிக்குப் போய்ச் சேரும்போது பல மடங்காகப் பெருகிவிடும், வேண்டாம் என்று வைத்துவிட்டேன். வாங்கியது வேறு கம்பெனி தயாரித்த புது மெஷின், மோட்டார் இல்லாமல். வாங்கும் இடத்திலேயே பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது. போல்ட் துளைகளின் இடம், கைகளின் நீளம், ரோலரின் விட்டம், இடதா வலதா. இடதுக்கு வலது கொடுத்து அனுப்பும் வழக்கம் உலகம் தோன்றிய நாள் முதல் இருக்கிறது. கூடவே டோர் பேட் கிளிப் பத்து. பழைய கிளிப் எப்படியும் உடையும்.

பிரிக்கும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, கை பிடித்து இழுக்கும் இடத்தில் மூடிக்கு அடியில் ஸ்க்ரூ, பிறகு அடியிலிருந்து கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பேடை மேல்நோக்கித் தூக்கினால் கழன்று வரும். சுவிட்ச் கனெக்டரையும் கைப்பிடிக் கம்பியையும் கழற்ற வேண்டும். உள்ளே பாலிதீன் ஷீட், கறுப்புப் பசையோடு. அதைக் கிழிக்காமல், பசையை பிளேடால் அறுத்து அறுத்து உரியுங்கள். அதன் அருமை கடைசியில் தெரியும். சுவிட்சைத் திரும்ப மாட்டி, கண்ணாடியை மெஷினோடு பிடிக்கும் இரண்டு போல்ட்டும் கதவுத் தகட்டின் ஓட்டைகளில் தெரியும் உயரத்துக்குக் கொண்டுவந்து, 10-ம் நம்பர் சாக்கெட்டால் கழற்றினேன். கண்ணாடியை வெளியே எடுக்கவில்லை. கையால் முழுக்க மேலே தள்ளி, அகல மாஸ்கிங் டேப்பை உள்ளிருந்து கதவு ஃப்ரேமைச் சுற்றி வெளிப்பக்கம் வரை மூன்று இடத்தில் ஒட்டி, பீடிங் ஓரத்தில் ஒரு ரப்பர் ஆப்பும் வைத்தேன். சைடு கண்ணாடி டெம்பர்டு. நடுவில் குத்தினால் தாங்கும், விளிம்பில் ஒரு சின்ன அடி பட்டால் முழுசாகக் கல்கண்டாகிவிடும். டேப்பில் கஞ்சத்தனம் கூடாது.

கதவுக்குள் கை இருக்கும்போது சுவிட்ச் கனெக்டரைக் கழற்றி வையுங்கள். வீட்டுப் பிள்ளை ஒன்று வந்து சுவிட்சை அழுத்தினால் அந்த இரண்டு கைகளுக்கு நடுவே விரல் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

அதைவிட ஆபத்தானது மோட்டாரைப் பிரிக்கும் இடம். கண்ணாடியின் எடையைத் தாங்க இந்த மெஷினில் ஒரு சுருள் ஸ்பிரிங் உண்டு, எப்போதும் முறுக்கேறிய நிலையில். மோட்டார் கியர் பல்லைப் பிடித்திருக்கும் வரை அது அடங்கி இருக்கும். மோட்டாரின் மூன்று ஸ்டார் ஸ்க்ரூவையும் கழற்றினால் பிடிக்க ஆளில்லாமல் கைகள் படாரென்று விரியும். பழைய மெஷினில் பல் தகட்டையும் அடித்தகட்டையும் சேர்த்து ஒரு ஜி-கிளாம்ப்பால் கவ்விவிட்டுத்தான் மோட்டாரை எடுத்தேன். புது மெஷினில் தகட்டோடு தகட்டைப் பிடித்து ஒரு பின் போட்டிருந்தார்கள். மோட்டாரை மாட்டி முடித்த பிறகே அந்தப் பின்னை உருவ வேண்டும். பல்லுக்கும் ரோலருக்கும் வெள்ளை லித்தியம் கிரீஸ் கொஞ்சம்.

புது மெஷினைக் கதவின் பெரிய ஓட்டை வழியே மடக்கி உள்ளே விட்டு, மோட்டார் பக்கத்துப் போல்ட்டுகளை முழுக்க இறுக்கினேன். கீழ்ப் பட்டியின் இரண்டு போல்ட்டும் கையால் முடுக்கிய அளவோடு நிற்க வேண்டும். கண்ணாடியின் இரண்டு போல்ட்டும் அப்படியே. பட்டி நகர வேண்டும், ஆனால் தொளதொளவென்று ஆடக் கூடாது. இதுதான் இந்த வேலையின் சூட்சுமம் என்று சொல்வேன். கண்ணாடி எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது ரப்பர் சேனல். போல்ட் அந்த இடத்தைப் பூட்டி வைக்கிறது, அவ்வளவே. முதலில் போல்ட்டை இறுக்கிவிட்டு அப்புறம் கண்ணாடியைச் சேனலுக்குள் திணித்தால் இரண்டும் காலம் முழுக்கச் சண்டை போடும்.

அளந்து பார்ப்பதற்காக மட்டும், முதலில் எல்லாவற்றையும் நீளத் துளையின் நடு இடத்தில் இறுக்கி, எவ்வளவு கோணல் என்று பார்த்தேன். கண்ணாடியை முழுக்க மூடாமல், மேல் ஃப்ரேமுக்கு ஓர் அங்குலம் குறைய நிறுத்தி, முன் மூலைப் பக்கம் ஓர் இடத்திலும் பின் மூலைப் பக்கம் ஓர் இடத்திலும் ஸ்டீல் ஸ்கேலால் அளப்பது. முன்னால் 21 மிமீ, பின்னால் 28 மிமீ. ஏழு மிமீ வித்தியாசம். கண்ணால் பார்த்தாலே தெரியும் சாய்வு. மேலே போனதும் முன் மூலை முட்டிக்கொண்டு மோட்டார் நின்றுவிடும், பின்னால் சந்து. சித்தப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“ஏன்டா, அதான் ஏறுதே. மூடிட வேண்டியதுதானே?”

“ஏறுது சித்தப்பா. பின்னாடி மூலையைப் பாருங்க, பேப்பர் உள்ள போகுது. மழைத் தண்ணி போகாதா?”

“போன தடவை மாத்தினப்பவும் இப்படித்தான் இருந்துது.”

போன தடவையா என்று கேட்டேன். இதற்கு முன்னால் ஒரு முறை வெளியே கொடுத்து மெஷின் மாற்றியிருக்கிறார். பழைய பட்டியில் போல்ட் தலை பதிந்த தடத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இரண்டு போல்ட்டும் நீளத் துளையின் ஒரே ஓரத்தில் இறுக்கப்பட்டிருந்தன. சேனலோடு உரசி உரசியே ரோலர் பாதி தேய்ந்திருக்கிறது, மீதியைத் துரு முடித்துவைத்திருக்கிறது.

சரி, அட்ஜஸ்ட்மென்ட். கீழ்ப் பட்டி போல்ட் இரண்டையும் கண்ணாடி போல்ட் இரண்டையும் தளர்த்தினேன். சுவிட்சைத் தட்டித் தட்டிக் கண்ணாடியைக் கடைசி வரை ஏற்றி, பிறகு பின் மூலையை உள்ளங்கையால் மேலே தள்ளிச் சேனலுக்குள் முழுக்க உட்கார வைத்தேன். கண்ணாடி தன் இடத்துக்குப் போனதும், கதவுக்குள் பட்டி தானாகக் கொஞ்சம் கீழே நகர்வதை விரலால் தொட்டே உணர முடிந்தது. கண்ணாடியை அப்படியே தள்ளிப் பிடித்துக்கொண்டு, முதலில் கண்ணாடி போல்ட், அப்புறம் பட்டி போல்ட் என்று இறுக்கினேன். இதற்கு இன்னொரு கை வேண்டும். சித்தப்பா எழுந்து வந்தார்.

பட்டி ஏன் கீழே போனது என்பதைப் புரிந்துகொண்டால், அடுத்த முறை தடவிக்கொண்டிருக்க வேண்டாம். துணைக்கை நடு ரிவிட்டில் திரும்புகிறது. கீழ் நுனியை ஏற்றினால் மேல் நுனி இறங்கும், கீழ் நுனியை இறக்கினால் மேல் நுனி ஏறும். அந்த மேல் நுனி தாங்கியிருப்பது பல் தகட்டுக்கு மேலே உள்ள கண்ணாடிப் பக்கத்தை. ஆகவே, அந்தப் பக்கம் பின்தங்கினால் பட்டியை இறக்க வேண்டும், முந்தினால் ஏற்ற வேண்டும். கண்ணாடி இறங்கியிருக்கிறதே என்று பட்டியை ஏற்றப் போனால் இன்னும் மோசமாகும்.

திரும்ப ஓர் அங்குலம் இறக்கி அளந்தேன். 24, 25. ஒரு மிமீ வித்தியாசம் ரப்பருக்குள் மறைந்துவிடும். அதோடு முடிந்தது என்று நினைக்கும் இடம் இதுதான். ஆனால் கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றியபோது, கீழேயிருந்து பாதி வரை மெதுவாக முனகிக்கொண்டு வந்தது, அதற்குமேல் விறுவிறுவென்று போனது. மேலே மட்டம், கீழே கோணல். பட்டியின் உயரம் சரி, ஆனால் பட்டியே படுக்கை மட்டத்தில் இல்லை என்பதற்கு இதுதான் அடையாளம். கண்ணாடி ஏற ஏற ரோலர் பட்டியில் இடம் மாறி ஓடுகிறது. பட்டி சாய்ந்திருந்தால் ஓட ஓட சாய்வும் மாறிக்கொண்டே வரும்.

வழி எளிது. கண்ணாடி மேலே இருக்கும்போது ரோலர் எந்தப் போல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்து, அந்தப் போல்ட்டைத் தொடவே கூடாது. மேலே கிடைத்த மட்டம் அதை நம்பித்தான் இருக்கிறது. எதிர்முனைப் போல்ட்டின் ஓரமாகத் தகட்டில் பென்சிலால் கோடு போட்டு, கண்ணாடியை முக்கால்வாசி இறக்கி, அந்தப் போல்ட்டை மட்டும் தளர்த்தினேன். கண்ணாடியின் மேல் விளிம்பில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து முன்னும் பின்னும் லேசாக அழுத்திக்கொடுக்க, பட்டி நுனி கோட்டைவிட்டு இரண்டு மிமீ விலகி நின்றது. அங்கேயே இறுக்கினேன். முனகல் போய்விட்டது. மேலே அளவு மாறவில்லை.

கீழே இறங்கும்போது கண்ணாடி உள்ளே வெளியே ஆடினால் பார்க்க வேண்டியது இன்னொரு இடம். கண்ணாடியின் பின் ஓரம் ஓடும் சேனல், கதவு ஃப்ரேமோடு முடிவதில்லை. கதவுக்குள் ஒரு தகட்டுக் கைடாகத் தொடர்ந்து, அடியில் ஒரு போல்ட்டோடு நிற்கும். மெஷினை உள்ளே விடுவதற்கு வசதியாகப் பலர் இதைத் தளர்த்துவார்கள், நானும் தளர்த்தியிருந்தேன். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, கைடு தானாக நிற்கும் இடத்தில் அதை இறுக்க வேண்டும். மேலே ஏற்றி வைத்துக்கொண்டு இறுக்கினால் கைடின் கீழ்ப்பாகம் எங்கே நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஃப்ரேம் உள்ள கதவு என்பதால் இவ்வளவோடு தப்பித்தோம். ஃப்ரேமே இல்லாமல் கண்ணாடி நேராகப் போய்க் கூரை ரப்பரில் சாயும் கூப்பே, கன்வெர்டிபிள் வண்டிகளில் உள்சாய்வு, உயரம், முன்பின் மூன்றையும் தனித்தனியாக வைக்க வேண்டும். அது வேறு பொறுமை. அதேபோல ஒரே அழுத்தில் தானாக ஏறும், விரல் பட்டால் திரும்பி இறங்கும் வசதி உள்ள கண்ணாடி என்றால், மெஷின் மாற்றியதும் மேல் எல்லை எது என்று மோட்டாருக்குத் திரும்பச் சொல்லித்தர வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் கண்ணாடியை முழுக்க ஏற்றி, அதற்குப் பிறகும் சுவிட்சைச் சில நொடி இழுத்துப் பிடிப்பதுதான் முறை, வண்டிக்கு வண்டி சிறு வித்தியாசம் இருக்கும். இதைச் செய்யாமல் விட்டால் மூடப்போன கண்ணாடி பாதியில் திரும்பி வரும், குற்றம் அட்ஜஸ்ட்மென்ட் மேல் விழும். எங்கள் இடது கதவில் அந்த வசதியே இல்லை, கவலையுமில்லை.

சோதனை மூன்று விதம். முதலாவது பேப்பர். கண்ணாடி ஓரத்தில் அங்கங்கே ஒரு துண்டுக் காகிதத்தை வைத்துக் கண்ணாடியை மூடி, இழுத்துப் பார்ப்பது. எல்லா இடத்திலும் ஒரே பிடிமானம் இருக்க வேண்டும். பின் மூலையில் கொஞ்சம் லேசாக வந்தது, ஆனால் வழுக்கிக்கொண்டு வரவில்லை. இரண்டாவது தண்ணீர். கூரையிலிருந்து ஓஸில் மெதுவாக வழிய விட்டு, உள்ளே டார்ச்சோடு ஒருவர் உட்கார வேண்டும். பிரஷர் பம்ப் வைத்து அடிப்பது சோதனையே இல்லை, எந்த வண்டியிலும் தண்ணீர் புகும். மூன்றாவது காற்று. ஜி.எஸ்.டி. ரோடு நெடுஞ்சாலையில் 80-ல் போகும்போது ஏசி ஃபேனை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் போதும். விசில் இல்லை. எஞ்சின் ஓடும்போது கீழிருந்து மேலே போக முன்பு ஒன்பது நொடி போல ஆனது, இப்போது நாலரை. எஞ்சினை நிறுத்திவிட்டு வெறும் பேட்டரியில் பார்த்தால் கொஞ்சம் கூடும். சார்ஜ் ஆகும்போது 14 வோல்ட் பக்கம் கிடைப்பது அப்போது 12 சொச்சம்தான், அதனால் இரண்டு அளவையும் ஒரே நிலையில் எடுக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகே பாலிதீன் ஷீட். கதவுக்குள் தண்ணீர் போவது ஒரு குறையே அல்ல. வெளிப்பக்க பீடிங் வழியாகக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், கதவின் அடித் துளைகள் அதற்காகவே இருக்கின்றன. அந்தத் தண்ணீர் டோர் பேட் பக்கம் வராமல் தடுப்பது இந்த ஷீட். அதன் கீழ் ஓரம் கதவுத் தகட்டின் உள்பக்கமாகச் செருகி இருக்க வேண்டும், வழியும் நீர் திரும்பக் கதவுக்குள்ளேயே விழ. ஷீட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பேடை அடித்த வண்டிகளில், கண்ணாடி எவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருந்தாலும் கால் மேட் நனையும், ஆளாளுக்குக் கண்ணாடியையும் பீடிங்கையும் திட்டிக்கொண்டிருப்பார்கள். பழைய பசை காய்ந்திருந்த இடத்தில் ப்யூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பசைப் பட்டை) வைத்து ஒட்டினேன். அடித் துளைகளைக் கம்பி விட்டுக் குத்தியபோது ஒரு கைப்பிடி கறுப்புச் சேறு வந்தது, வேப்பங்கொட்டையோடு.

வெளிப்பக்க பீடிங் மட்டும் அப்படியே இருக்கிறது. வெயிலில் காய்ந்து மரக்கட்டையாகிவிட்டது, கண்ணாடியில் நெடுக்காக மெல்லிய கீறல்கள் விழுந்திருப்பது அதனால்தான். இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். வலது கதவின் கீழ்ப் பட்டியிலும் துரு ஆரம்பித்திருக்கிறது, ஆனால் ரோலர் இன்னும் ஓடுகிறது. பீடிங் வாங்கும்போது அந்தக் கதவையும் திறந்து, கிரீஸ் வைத்து, போல்ட் எந்த ஓரத்தில் இறுக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.